ஊரடங்கு நாட்களில் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தையோடு வீட்டுக்குள்: முழுமையான வழிகாட்டி

2020 கொரோனா ஊரடங்கு. எங்கள் வீட்டில் அது தொடங்கி நான்காவது நாள். இரண்டே கால் வயது மகள் தன் செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே போய் உட்கார்ந்தாள். இடது கால் செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு "போலாம்" என்றாள். "இன்னைக்குப் போக முடியாதும்மா" என்றேன். அவள் அழவில்லை. செருப்பைச் சரியாகப் போடாததுதான் காரணம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. இரண்டையும் கழற்றி, கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, மறுபடி "போலாம்" என்றாள்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார அமைப்பு கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் நாட்டுக்கு நாடு கதவுகள் மூடின. பள்ளிப் பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு வந்தது. பெரியவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை வந்தது. தத்தக்கா பித்தக்கா என்று நடக்கும் இந்தச் சின்னவர்களுக்கு மட்டும் புதிதாக எதுவும் வரவில்லை, இருந்ததெல்லாம் போனது. பூங்கா போனது, தாத்தா பாட்டி மடி போனது, பக்கத்து வீட்டுக் குழந்தை போனது. ஏன் என்று விளக்கினாலும் புரியாத வயது. அதனால், கதவு திறக்காததற்குத் தானே காரணம் என்றுகூட நினைத்துக்கொள்ளும்.

இத்தனை வாரங்களில் நான் உறுதியாக நம்புவது ஒன்றைத்தான். இந்த வயதுக் குழந்தைக்கு நாள் முழுக்க நாம் நிகழ்ச்சி நடத்த வேண்டியதில்லை. அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு நாளில் சில முறையாவது நாம் அதற்கு முழுசாகக் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நடுவில் உள்ள நேரத்தில் பெரும்பகுதியைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான். முதல் மூன்று படிகளை ஒரு வார இறுதிக்குள் முடித்துவிடலாம், மற்றவை போகப் போக.

படி 1: பெரியவர்கள் முதலில் உட்கார்ந்து பேசுங்கள்

குழந்தை தூங்கிய பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எந்த நேரத்தில் யார் பொறுப்பு? "ரெண்டு பேரும் பாத்துக்கலாம்" என்ற ஏற்பாடு வீட்டுக்குள் நிற்காது. இருவரும் பார்க்கிறோம் என்றால் இருவருமே அரைகுறையாக வேலை செய்வோம், இருவருமே அரைகுறையாகக் குழந்தையைப் பார்ப்போம், சாயங்காலம் சண்டை வரும். நானும் மனைவியும் முதல் வாரம் முழுக்க அப்படித்தான் இருந்தோம். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். அந்த இரண்டு மணி நேரம் ஒருவர் குழந்தைக்கு மட்டும்தான், மற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்கு மட்டும்தான். மொத்த வேலை நேரம் குறைந்தது, ஆனால் முடிந்த வேலை குறையவில்லை.

தனியாக ஒருவரே பார்த்துக்கொள்ளும் வீடு என்றால் இதைவிட முக்கியமான கேள்வி, எதையெல்லாம் விட்டுவிடுவது என்பதுதான். துணி மடிக்காமல் கிடக்கட்டும். தரை நாளை பெருக்கப்படட்டும். அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி, எந்தக் கூட்டத்துக்கு நீங்கள் வந்தே ஆக வேண்டும், எதற்கு வராமல் குறிப்பை மட்டும் படித்தால் போதும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வீட்டிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

தாளில் கட்டாயம் எழுத வேண்டிய இன்னொன்று: ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு நாளில் அரை மணி நேரமாவது யாரும் கூப்பிடாத நேரம். இது கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் மிஞ்சவே மிஞ்சாது.

படி 2: வீட்டைத் தரையிலிருந்து பாருங்கள்

முன்பு குழந்தை வீட்டில் விழித்திருந்த நேரம் ஒரு நாளில் சில மணி நேரம்தான். இப்போது முழு நாளும். அதோடு நம் கவனமும் கணினியில் பாதி போய்விடுகிறது. வீட்டு விபத்துக்கு இதைவிடச் சாதகமான நிலை இல்லை. ஊரடங்கில் மருத்துவமனைப் பக்கம் போகவே தயங்குகிறோம் என்பதால் இந்தப் படியை ஒத்திப்போடக் கூடாது.

தரையில் மண்டியிட்டு, குழந்தையின் கண் உயரத்தில், அறை அறையாகத் தவழ்ந்து பாருங்கள். நான் அப்படிப் போனபோது, மேசைக்கடியில் தொங்கிய சார்ஜர் ஒயரும், சோபாவுக்கு அடியில் கிடந்த ஒரு பழைய ரிமோட்டும் கண்ணில் பட்டன. ரிமோட்டின் மூடி கழன்றிருந்தது. காசு மாதிரி தட்டையான வட்ட பேட்டரி பாதி வெளியே தெரிந்தது. நின்றபடி பார்த்தால் இரண்டுமே தெரியாது.

அந்தப் பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சில் பட்டு மின்னோட்டம் ஏற்பட்டு இரண்டே மணி நேரத்தில் உள்ளே கடுமையாக வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரிமோட், கடிகாரம், எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் பொம்மை என எல்லாவற்றின் பேட்டரி மூடியும் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அடுத்தது கொரோனாவோடு வீட்டுக்குள் வந்த சாமான்கள். சானிடைசரில் பெரும்பாலும் 60 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் இருக்கும். கையில் தேய்த்தது நன்றாகக் காய்ந்த பிறகு குழந்தை விரல் சூப்பினால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாட்டிலைத் திறந்து சில மிடறு குடித்தால் ஆபத்து. பம்பு வைத்த பாட்டிலைக் கதவருகே தாழ்வாக வைக்கும் பழக்கம் கொரோனாவோடு பல வீடுகளில் வந்தது. அதை உயரத்துக்கு மாற்றுங்கள். வீட்டில் இருக்கும்போது சோப்பும் தண்ணீரும் போதும். பிளீச்சிங் திரவத்தைத் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வேண்டாம். அதை ஆசிட்டோடும் அம்மோனியா கலந்த திரவத்தோடும் சேர்த்துக் கலக்கவும் வேண்டாம், நச்சு வாயு வரும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாளியிலும் டப்பிலும் தண்ணீரை விட்டு வைக்காதீர்கள். சில அங்குலத் தண்ணீரே ஒரு சின்னக் குழந்தை மூழ்கப் போதும், அதுவும் சத்தமே இல்லாமல் நடக்கும். ஜன்னலுக்கும் பால்கனிக் கம்பிக்கும் அருகில் ஏறி நிற்கக் கூடிய நாற்காலி, ஸ்டூல் எதுவும் வேண்டாம். அலமாரியையும் டிவியையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். சூடான டம்ளரை மேசை ஓரத்தில் வைக்காதீர்கள். மாத்திரைகளைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். முழுக் கொட்டைப் பருப்புகளை நான்கைந்து வயது வரை தர வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித் தாருங்கள்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு ஒரு மூலையையாவது "வேண்டாம், தொடாதே" என்று சொல்லத் தேவையே இல்லாத இடமாக ஆக்குங்கள். நாளுக்கு ஐம்பது முறை "தொடாதே" கேட்கும் குழந்தை ஐம்பத்தோராவது முறை காதில் வாங்காது.

படி 3: மணிக்கணக்கு வேண்டாம், வரிசை போதும்

முதல் வாரம் நான் அழகான அட்டவணை ஒன்று போட்டேன். எட்டு முதல் எட்டரை பெயிண்டிங், எட்டரை முதல் ஒன்பது கதை. முதல் நாள் காலையிலேயே அது கலைந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு எட்டரை என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிவது "இதுக்கு அப்புறம் அது" என்பதுதான்.

ஆகவே ஒரு முழு நாளை, சங்கிலியைப் போல, ஏழெட்டுக் கண்ணிகளாக மட்டும் பிரியுங்கள். எழுவது, பல் தேய்ப்பது, சாப்பாடு, ஓடியாடும் விளையாட்டு, தனி விளையாட்டு, குளியல், மதியச் சாப்பாடு, தூக்கம். மாலைக்கு இப்படியே இன்னொரு சின்ன வரிசை. எந்தக் கண்ணி எத்தனை மணிக்கு என்பது அன்றன்று மாறலாம், வரிசை மாறக் கூடாது. குளியலுக்கு அப்புறம் சாப்பாடு, சாப்பாட்டுக்கு அப்புறம் கதை, கதைக்கு அப்புறம் தூக்கம் என்று பத்து நாள் நடந்தால், கதைப் புத்தகத்தை எடுத்ததுமே குழந்தை கண்ணைக் கசக்க ஆரம்பிக்கும். அது பயிற்சியின் பலன்.

படம் வரைந்து ஒட்டினால் இன்னும் நல்லது. எனக்கு வரைய வராது, ஆனால் தட்டு, வாளி, பந்து, நிலா நான்கையும் யாராலும் வரைய முடியும். அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மகளின் உயரத்தில் வரிசையாக ஒட்டினோம். சில நாட்களிலேயே அவள் வாளிப் படத்தைத் தட்டிக் காட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றத் தொடங்கினாள்.

ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில்தான் அழுகை வரும். "போதும், வா" என்று சட்டென்று இழுக்காமல், "இன்னும் மூணு தடவை பந்து போடலாம், அப்புறம் குளிக்கப் போலாம்" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம் என்றால் குழந்தைக்குப் புரியாது, மூன்று தடவை என்றால் புரியும். மூன்றாவது தடவை முடிந்ததும் உண்மையிலேயே நிறுத்துங்கள். நான்காவதுக்கு இறங்கினால் அடுத்த நாள் அது பத்தாகும்.

தூக்கம்தான் இந்த வரிசையின் ஆணிவேர். உலக சுகாதார அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். ஊரடங்கில் காலையில் அவசரமில்லை என்பதால் இரவு மெல்ல மெல்லப் பின்னால் தள்ளிப் போகும். எழுந்திருக்கும் நேரத்தை மட்டுமாவது விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக ஓரளவு ஒழுங்குக்கு வரும். காலையில் எழுந்தவுடன் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் காட்டுங்கள்.

படி 4: பத்து நிமிடம், முழுசாக

வேலையில் உட்காரும் முன் பத்து நிமிடம். போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். என்ன விளையாட்டு என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். சொல்லித்தர வேண்டாம், "இது என்ன கலர்?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். அது செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே கூட இருந்தால் போதும்: "ஓ, லாரி மேல யானையை ஏத்திட்டியா."

1970-களில் எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். கைக்குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் தாய், திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடங்கள் குழந்தையையே பார்த்தபடி இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தம் போடும், கடைசியில் சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பக்கத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் முகம் குழந்தைக்கு எப்படித் தெரியும் என்று அந்தச் சோதனையைப் பற்றிப் படித்ததிலிருந்து யோசிக்கிறேன். நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பதைவிடப் பத்து நிமிடம் முழுசாக இருந்துவிட்டு "அப்பாவுக்கு வேலை இருக்கு, அப்புறம் வரேன்" என்று எழுந்து போவது நேர்மையானது. எங்கள் அனுபவத்தில், முதலில் அவளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் பிறகு அரை மணி நேரம் கிடைக்கும். கொடுக்காமல் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை காலைப் பிடித்து இழுப்பாள்.

காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, வேலை முடித்ததும் ஒருமுறை. குறைந்தபட்சம் இந்த மூன்று.

படி 5: விளையாட வைப்பது

இங்கே நிதானமாகப் போகலாம், ஏனென்றால் நாளின் பெரும்பகுதி இதுதான்.

முதலில் பொம்மைகளைக் குறையுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்து நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், 16 பொம்மைகள் இருந்த அறையைவிட 4 பொம்மைகள் மட்டும் இருந்த அறையில் குழந்தைகள் ஒரே பொம்மையோடு அதிக நேரமும் அதிக விதமாகவும் விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் ஒன்றரை முதல் இரண்டரை வயதினர். வீட்டில் உள்ள பொம்மைகளை மூன்று நான்கு பைகளாகப் பிரித்து, ஒரு பையை மட்டும் வெளியே வைத்து, மற்றதைக் கண்ணில் படாமல் மேலே ஏற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை பையை மாற்றுங்கள். பழைய பொம்மை புதுசாகத் திரும்பி வரும். காசு செலவில்லை.

அடுத்தது உடம்பை அசைக்கும் விளையாட்டு. அதே உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல், இந்த வயதுக் குழந்தை நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும் என்கிறது. மூன்று மணி நேரம் என்று கேட்டதும் மலைக்க வேண்டாம். ஒரே மூச்சில் இல்லை, நாள் முழுக்கச் சிறுசிறு துண்டுகளாக. சின்ன வீட்டிலும் முடியும். தலையணைகளை வரிசையாகப் போட்டு மலை ஏறலாம். நாற்காலிகளுக்குக் குறுக்கே போர்வை கட்டி அடியில் தவழலாம். தரையில் ஒட்டும் காகித டேப்பால் கோடு போட்டு அதன் மேல் நடக்கலாம். பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்துவிட்டு, பாட்டு நின்றதும் சிலை மாதிரி நிற்கலாம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வியர்க்க வியர்க்க ஓடவிட்டால் மதியத் தூக்கமும் இரவுத் தூக்கமும் எளிதாகும். மழையோ வெயிலோ, பால்கனியோ மொட்டை மாடியோ இருந்து, விதிமுறை அனுமதித்தால், கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் வானம் காட்டுங்கள்.

மூன்றாவது தண்ணீர். எந்தப் பொம்மையையும் விட இது நீடிக்கும். ஒரு பெரிய தட்டில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு வடிகட்டி. அடியில் பழைய துண்டு விரித்துவிடுங்கள். ஒருநாள் மகள் ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தாள். முதலில் வெளியே கொட்டியது. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, இடது கையால் கீழ் டம்ளரைப் பிடித்து, மேல் டம்ளரின் விளிம்பை அதன் விளிம்பில் சாய்த்து வைத்து ஊற்றக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. இருபத்தைந்து நிமிடம் போனது. தண்ணீர் விளையாட்டின்போது மட்டும் பக்கத்திலேயே இருங்கள், முடிந்ததும் உடனே கொட்டிவிடுங்கள்.

நான்காவது வீட்டு வேலை. நமக்குச் சுமை, அவர்களுக்குத் திருவிழா. காலுறைகளை ஜோடி சேர்ப்பது, ஈரத் துணியை எடுத்துக் கொடுப்பது, மேசை துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் குழந்தையைத் தனியாக மகிழ்விக்க வேண்டியதில்லை, வேலையும் முடிகிறது.

மாவு பிசைந்து விளையாடுவதும் நல்லது. இரண்டு கப் மாவு, ஒரு கப் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், பதத்துக்குத் தண்ணீர். காற்றுப் புகாத டப்பாவில் சில வாரம் தாங்கும். இதில் உப்பு மிக அதிகம், அதனால் எதையும் வாயில் போடும் பருவத்தில் உள்ள குழந்தைக்கு இதைத் தர வேண்டாம். அவர்களுக்கு வெறும் அட்டைப்பெட்டி கொடுங்கள். அதுவே கார், வீடு, படகு.

"சேர்ந்து விளையாட வேறு குழந்தைகள் இல்லையே, பழகத் தெரியாமல் போய்விடுமோ" என்று பல பெற்றோர் கவலைப்படுகிறார்கள். எனக்கும் இருந்தது. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்து எழுதியிருக்கிறார். இந்தச் சின்ன வயதில் குழந்தைகள் பெரும்பாலும் ஒருவரோடு ஒருவர் விளையாடுவதில்லை, ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுகிறார்கள். சேர்ந்து விளையாடுவது அதற்குப் பிறகு வளர்வது. சில மாதங்களுக்கு அந்தப் பக்கத்து இடத்தில் நாம் உட்காரலாம்.

படி 6: நீங்கள் வேலை செய்யும் நேரம்

அதிகக் கவனம் தேவைப்படும் வேலையைக் குழந்தையின் மதியத் தூக்கத்துக்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவப் போகாதீர்கள், பாத்திரத்தைக் குழந்தை விழித்திருக்கும்போதும் கழுவலாம். கூட்டம் இருக்கும் நேரத்துக்கென்று மட்டும் ஒரு பெட்டி வையுங்கள். வேறு எப்போதும் திறக்காத பெட்டி. உள்ளே ஸ்டிக்கர், பெரிய கிரேயான், திருகிப் போடும் மூடியுள்ள டப்பாக்கள், பழைய பத்திரிகை. அபூர்வமாகக் கிடைப்பதாலேயே அதற்கு மதிப்பு.

வேலை செய்கிறீர்கள் என்பதைக் கண்ணால் பார்க்கும்படி ஒரு அடையாளம் வைப்பதும் உதவும். தலையில் தொப்பி போட்டிருந்தால் அப்பா வேலையில், கழற்றினால் அப்பா வந்தாச்சு. இரண்டரை வயதுக்கு மேல் இது நன்றாகவே வேலை செய்யும். அதற்குக் கீழே என்றால் கதவு மூடியிருப்பதே நல்லது. கண்ணுக்குத் தெரிகிற அப்பா ஏன் கைக்குக் கிடைப்பதில்லை என்பது அந்த வயதுக்கு விளங்காது. கிளம்பும்போது நழுவிப் போகாதீர்கள். சொல்லிவிட்டு, ஒரு முத்தம் கொடுத்து, போங்கள். சொல்லாமல் மறைந்தால் அடுத்த முறை உங்களை விட்டு நகரவே நகராது.

படி 7: திரை

இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை இது. வீடியோ அழைப்பை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் 2016-ல் வெளியிட்ட பரிந்துரையில் ஒன்றரை வயதுக்குக் கீழ் வீடியோ அழைப்பை மட்டும் விதிவிலக்காக வைத்தது. ஆகவே தாத்தா பாட்டியைத் தினமும் அழையுங்கள். போனை எதிரில் நிறுத்திவிட்டு, பாட்டி கதை சொல்லட்டும், இந்தப் பக்கம் குழந்தை சாப்பிடட்டும். "பேசு, பேசு" என்று வற்புறுத்தினால் இந்த வயதில் யாரும் பேச மாட்டார்கள்.

நெருக்கடியான ஒரு நாளில் கூடுதலாக அரை மணி நேரம் கார்ட்டூன் ஓடினால் குற்ற உணர்வில் மூழ்க வேண்டாம். நான் கண்டிப்பாக இருக்கச் சொல்வது மூன்றில்தான்: சாப்பிடும்போது வேண்டாம், தூங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் வேண்டாம், அழுகையை நிறுத்துவதற்காக வேண்டாம். மூன்றாவதுதான் மிகவும் கடினம். அழுதால் போன் கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அதை மறக்க வைக்க வாரக் கணக்கில் ஆகும். முடிந்தவரை தானாக அடுத்த வீடியோவுக்குத் தாவும் வசதியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பின்னணியில் நாள் முழுக்க ஓடும் செய்தி சேனலை நிறுத்துங்கள். இறந்தவர் எண்ணிக்கை குழந்தைக்குப் புரியாது, ஆனால் அதைக் கேட்கும்போது மாறும் உங்கள் முகம் புரியும்.

படி 8: அடம் பிடித்து விழுந்து புரளும்போது

வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அடம் கூடும். விட்ட பழக்கங்கள் திரும்பி வரும். படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது, தூக்கச் சொல்லிக் கெஞ்சுவது. இவை பெரும்பாலும் தற்காலிகம். கண்டித்தால் நீடிக்கும், கண்டுகொள்ளாமல் அணைத்துக்கொண்டால் சீக்கிரம் போகும்.

விழுந்து புரளும் குழந்தையிடம் நியாயம் பேசிப் பயனில்லை. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி இந்த வயதில் இப்போதுதான் முளைவிடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது பசியா, தூக்கமா, ஈரமா என்று. மூன்றும் இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள். கீழே உட்காருங்கள், உயரத்தில் நின்று பேசாதீர்கள். அது என்ன உணர்கிறதோ அதை ஒரு வரியில் சொல்லுங்கள்: "வெளியே போகணும்னு இருக்கு, போக முடியல, கோவம் வருது." பிறகு பேச்சை நிறுத்துங்கள். அடிக்கவோ தலையை மோதவோ போனால் மட்டும் மென்மையாகத் தடுங்கள். மூச்சு நிதானமானதும் மடியில் எடுத்து, இரண்டு தேர்வு கொடுங்கள்: "ஜன்னல்ல போய் காக்கா பாக்கலாமா, தண்ணி விளையாடலாமா?" முடியாது என்று சொன்னதை அழுகைக்காக முடியும் என்று மாற்ற வேண்டாம். அதனால் முடியாது என்பதையே குறைவாகச் சொல்லப் பழகுங்கள்.

படி 9: கை கழுவுவது, மாஸ்க், கொரோனாவைப் பற்றிச் சொல்வது

சோப்புப் போட்டு 20 வினாடி. இரண்டு வயதுக் குழந்தைக்கு வினாடி தெரியாது, பாட்டுத் தெரியும். அதற்குப் பிடித்த ஒரு சின்னப் பாட்டை இரண்டு முறை பாடி முடிக்கும் வரை நுரையோடு விளையாடட்டும். இரண்டு வயதுக்குக் கீழ் மாஸ்க் போடக் கூடாது, மூச்சு முட்டும், தானாகக் கழற்றவும் தெரியாது. நீங்கள் மாஸ்க் போட்டால் குழந்தை மிரளலாம். போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, கண்ணாமூச்சி மாதிரி காட்டுங்கள், கரடி பொம்மைக்கும் ஒன்று மாட்டுங்கள். காரணம் கேட்டால் ஒரு வரி போதும்: "வெளியே எல்லாருக்கும் காய்ச்சல். அது போனதும் போலாம். நீ எந்தத் தப்பும் செய்யல." கடைசி வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

படி 10: தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள்

2020 மே மாதம் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் ஒரு எச்சரிக்கை விடுத்தன. பெருந்தொற்றால் குறைந்தது 68 நாடுகளில் வழக்கமான தடுப்பூசிப் பணி தடைபட்டிருக்கிறது, ஒரு வயதுக்குட்பட்ட சுமார் 8 கோடிக் குழந்தைகள் அதனால் பாதிக்கப்படக் கூடும் என்பது அதன் சாரம். தட்டம்மை கொரோனாவைவிட வேகமாகப் பரவக் கூடியது, குழந்தைகளைக் கொல்லக் கூடியது. அட்டையை எடுத்து அடுத்த தேதியைப் பாருங்கள். மருத்துவரைப் போனில் அழைத்து, கூட்டமில்லாத நேரம் கேட்டு, ஒருவர் மட்டும் குழந்தையோடு போய் வாருங்கள்.

மூச்சு வாங்குவது, குடிக்கவே மறுப்பது, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு. இவற்றில் எது இருந்தாலும் கொரோனா பயத்தில் வீட்டிலேயே இருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

படி 11: உங்கள் கோபம்

ஒரு நாள் வரும். மூன்று இரவு தூக்கமில்லாமல், அலுவலகத்தில் நெருக்கடியோடு, குழந்தை நாற்பதாவது நிமிடமாக அழுதுகொண்டிருக்க, கை ஓங்கத் தோன்றும். தோன்றுவதால் நீங்கள் கெட்ட பெற்றோர் ஆகிவிட மாட்டீர்கள். அந்த நொடியில் என்ன செய்வது என்பதை இப்போதே, அமைதியாக இருக்கும்போதே, தீர்மானித்து வையுங்கள். குழந்தையைத் தொட்டில் போன்ற பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். முகம் கழுவுங்கள். ஐந்து நிமிடம் அழட்டும், ஒன்றும் ஆகாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைப் பிடித்து உலுக்காதீர்கள், சின்னக் குழந்தையின் மூளையில் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்த நேரத்தில் அழைக்கக் கூடிய ஒருவரின் எண்ணை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், "நான் போன் பண்ணி ஒன்னும் பேசலன்னாலும் லைன்ல இரு" என்று சொல்லக் கூடிய ஒருவர்.

கத்திவிட்டால் பிறகு மன்னிப்புக் கேளுங்கள். "அப்பா சத்தமா கத்திட்டேன், பயந்துட்டியா, சாரி." இரண்டு வயதுக்கு இது புரியாது என்று நினைக்கிறோம். என் மகள் என் கன்னத்தைத் தடவிவிட்டுத் தண்ணீர் டம்ளரைத் தேடிப் போனாள். சோர்வு நாள்கணக்கில் நீங்காமல், எதிலும் மனம் ஒட்டாமல், அழுகை வந்துகொண்டே இருந்தால் அது வெறும் அலுப்பு இல்லை, மருத்துவரிடம் பேசுங்கள். வீட்டில் யாராவது அடிக்கிறார்கள் என்றால் ஊரடங்கு விதி உங்களைப் பிடித்து வைக்கத் தேவையில்லை, உதவி எண்ணை அழைத்து வெளியேறலாம்.

படி 12: கதவு திறக்கும்போது

தளர்வு அறிவித்த அன்றே பெரிய கூட்டத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். வாரக் கணக்கில் நான்கு முகங்களை மட்டும் பார்த்த குழந்தை, தாத்தாவைப் பார்த்தே அழலாம். தாத்தா மனம் வருந்துவார், முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள். உடனே தூக்க வேண்டாம், கொஞ்ச நேரம் தள்ளி உட்கார்ந்து குழந்தையே வரும் வரை காத்திருக்கட்டும். முதல் நாள் வாசல் வரை, அடுத்த நாள் தெரு முனை வரை, பிறகு மெல்ல மெல்லத் தூரம். மறுபடி குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்புவதாக இருந்தால், ஒரு வாரம் முன்பே காலை வரிசையைப் பழைய நேரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கிளம்பும் முன் செருப்பைப் போட்டுப் பாருங்கள். இந்த வயதில் சில மாதங்களிலேயே கால் வளர்ந்துவிடும். எங்கள் மகளுக்கு இரண்டிலுமே கட்டை விரல் முனையில் இடித்தது. அன்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் கீழே இறங்கினோம்.